பி. ரம்லியின் பாட்டும் நடிப்பும்

மலாய்த் திரையுலகின் பெருங்கலைஞராகிய பி. ரம்லியின் பெயரைக் கேட்கும் தமிழ் மாணவர், அப்பெயரின் முன்னெழுத்தைக் கண்டு சற்றே வியப்படைதல் இயல்பு. மலாய்க்காரர் தம் பெயருக்குப் பின்னே 'பின்' எனச் சேர்த்துத் தந்தையின் பெயரைக் கூறுவர். முன்னெழுத்தாக வைப்பது அவர்தம் பொதுவழக்கன்று. ரம்லியோ தம் தந்தையாரின் பெயராகிய 'புத்தே' என்பதன் முதலெழுத்தை முன்னே நிறுத்திக்கொண்டார். அவர் காலத்துத் திரைக்கலைஞர்களுள் எஸ். ஷம்சுடின், எஸ். கடாரிஸ்மான் முதலிய வேறு சிலரும் முன்னெழுத்துடன் விளங்கியவரே. ஆதலின் இதனைத் தமிழர் கொடை என உரிமை கொண்டாடுவது பொருந்தாது. ஆயினும், இந்நாட்டுத் தமிழர் தமக்கு அயலவர் எனக் கருதி ஒதுக்கிவிடும் ஒரு கலைஞரிடத்தே, தமிழர் கண்ணுக்குப் பழகிய கூறுகள் பல உள்ளன என்பதற்கு அம்முன்னெழுத்து நல்லதொரு தொடக்கம்.

அவர் 1929 மார்ச் 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். இயற்பெயர் தெயுக்கு சக்கரியா. தந்தையார் சுமத்திராவின் வடமுனையிலுள்ள அச்சே நாட்டிலிருந்து வந்த கடலோடி. தாயார் எதிர்க்கரையாகிய பட்டர்வொர்த் பகுதியினர். 'தெயுக்கு' என்பது அச்சே நாட்டு உயர்குடியினர்க்குரிய பட்டம். இவ்வேரினைக் கொண்டு அவரை அச்சேக்காரர் எனப் போற்றுவாரும் உளர். கலைஞன் ஒருவனுடைய வேர் குருதியில் மட்டும் இருப்பதன்று. அவன் செவி எவ்வோசைகளை உண்டு வளர்ந்தது என்பதே திறனாய்வாளன் வினவத்தக்கது. அவ்வகையில் ரம்லியின் வேர் பினாங்கு மண்ணேயாகும்.

பினாங்கு, 'பங்சாவான்' எனும் மலாய் இசைநாடகம் பிறந்த ஊர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவினரின் ஆட்டத்தைக் கண்டு, அதனைப் பின்பற்றி எழுந்ததே பங்சாவான். ஏறக்குறைய அதே காலத்தில் தமிழகத்துக்கும் பார்சிக் குழுவினர் வந்தனர். அவர்தம் திரைச்சீலைகளும் ஆர்மோனியமும் இடைவிடாப் பாட்டும் தமிழ் நாடகக் கம்பெனிகளின் தோற்றத்தையே மாற்றின. ஆகவே மலாய் இசைநாடகமும் தமிழ் இசைநாடகமும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் எனலாம். இரண்டிலும் நடிகன் என்றால் பாடுபவன் என்றே பொருள். பாடத் தெரியாதவனுக்கு அரசவேடம் இல்லை.

இவ்வுறவை மனத்திற்கொண்டு நோக்கினால்தான் ரம்லியின் வரலாற்றிலுள்ள ஒரு புதுமை புலப்படும். தமிழ்த் திரைப்படம் பாடும் நடிகரோடு தொடங்கியது. மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா ஏற்றிவைத்த விளக்கைத் திரையில் எம். கே. தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் தாங்கி நின்றனர். ஆனால் 1938-இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப்பாடல் முறை தலைகாட்டிற்று. சின்னப்பா 1951-இல் மறைந்தார். பாகவதரின் செல்வாக்கும் அதற்கு முன்னரே சரிந்துவிட்டது. 1952-இல் 'பராசக்தி' வந்தபோது, வசனம் பேசும் முகம் ஒன்று, பாடும் குரல் வேறொன்று என்னும் பிரிவினை நிலைபெற்றுவிட்டது. அதனால் தமிழ் நடிப்பு பல நலங்களைப் பெற்றது உண்மை. இழந்ததும் ஒன்றுண்டு. பாடலின் மூச்சும் பாத்திரத்தின் மூச்சும் ஒன்றாக இருக்கும் நிலையே அது.

அதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. பினாங்கு வானொலிப் பாட்டுப் போட்டியில் பரிசு பெற்று, ஊர் விழாக்களில் தம் குழுவுடன் பாடிக்கொண்டிருந்த ரம்லியை, 1948-இல் புக்கிட் மெர்த்தாஜாமில் நடந்த விழாவொன்றில் இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் கண்டார். ஷா சகோதரர்களின் மலாய்ப் படநிறுவனம் சிங்கப்பூர் ஜாலான் அம்பாசில் இயங்கி வந்தது. அங்குச் சென்ற இளைஞருக்கு முதற்படமாகிய 'சிந்தா'வில் கிடைத்தது எதிர்நாயகன் வேடம். கதைத்தலைவனாக நடித்தவர் வேறொருவர். அவருக்குக் குரல் கொடுத்தவர் ரம்லி. முகத்தைவிடக் குரலே முதலில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ('சிந்தா' எனும் மலாய்ச் சொல் காதலைக் குறிக்கும், தமிழின் 'சிந்தை'யும் அதுவும் ஒரே வடமொழிச் சொல்லின் இரு வடிவங்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த 'நீலம்' படத்தின் பெயரும் அவ்வாறே. தமிழாசிரியர் வகுப்பில் எடுத்துக்காட்டத்தக்கவை இவை.)

1950-இல் 'பக்தி' எனும் படம் வந்தது. அதில்தான் ரம்லி கதைத்தலைவனாகி, தம் பாடலைத் தாமே பாடி நடித்தார். படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து, இளமையிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர் அவர். மலாய்ப் படங்களை இயக்க இந்தியாவிலிருந்து வந்தோர் பலர் மலாய்மொழி அறியாதவர். உதவியாளர் மொழிபெயர்த்துத் தரும் உரையாடலைக் கொண்டே படமெடுத்தனர். கிருஷ்ணனுக்கு அக்குறை இல்லை. முகத்தையும் குரலையும் சென்னை பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், சென்னையிற் பிறந்த ஒருவர் சிங்கப்பூரில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவைத்தார். மலாய்த் திரை வரலாற்றில் தமிழர் பங்கு யாது என வினவுவோர்க்கு, பெயர்ப்பட்டியல் நீட்டுவதைவிட இவ்வொரு செய்தியைக் கூறுவது போதும்.

கிருஷ்ணனுக்குப் பின்னும் ரம்லி இந்திய இயக்குநர் பலரிடம் பயின்றார். எஸ். இராமநாதன் அவரைக் கொண்டு 'ஈபு' முதலிய படங்களை எடுத்தார். தமிழில் 'ரம்பையின் காதல்', 'மதனகாமராஜன்' ஆகியவற்றை இயக்கிய பி. என். ராவ், 1953-இல் 'ஹுஜான் பானாஸ்' எடுத்தார். வங்காளத்தவரான பணி மஜும்தார் 1956-இல் 'ஹங் துவா'வை வண்ணத்தில் அமைத்தார். இம்மஜும்தார் 1938-இல் கே. எல். சைகலைக் கொண்டு 'ஸ்ட்ரீட் சிங்கர்' எடுத்தவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒலிவாங்கியின் முன்னே உரக்கப் பாடவேண்டுவதில்லை, நெஞ்சோடு பேசுவதுபோல் பாடினாற் போதும் எனக் காட்டியவர் சைகல். ரம்லியின் குரலும் அவ்வழிப்பட்டதே. அக்குரல் மிக உயரமும் செல்லாது. மிக ஆழமும் இறங்காது. ஒலிபெருக்கியில்லா மேடையில் கடைசி வரிசைவரை எட்டவேண்டிய பாகவதரின் குரலோடு அதனை ஒப்பிடுதல் முறையன்று. பேச்சு முடியுமிடத்தில் ஓசையின்றிப் பாட்டைத் தொடங்கவல்ல குரல் அது.

அவருடைய தனித்தன்மை பாடியதில் மட்டும் இல்லை. மெட்டும் அவருடையதே. சிறுவயதில் உக்குலேலேயும், பின்னர் வயலினும் பியானோவும் பயின்றவர் அவர். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அவர்களுடைய கடற்படைப் பள்ளியில் பயின்றபோது ஜப்பானியப் பாடல்களும் அவர் செவியில் ஏறின. இனாங், ஜோகெட், அஸ்லி ஆகிய மலாய் இசைவகைகளோடு ரும்பா, சா-சா போன்ற மேனாட்டுத் தாளங்களையும் இந்துஸ்தானி மெட்டின் நெளிவையும் அவர் கலந்தார். பாடல்வரிகளைப் பெரும்பாலும் எஸ். சுடர்மாஜி, ஜமில் சுலோங் போன்ற பிறர் எழுதினர். ஆதலின் அவரைப் பாடலாசிரியர் என்பதைவிடப் பாடலமைப்பாளர் என்பதே தகும். எந்தக் காட்சியில், எந்த நிலையில், எவ்வளவு மூச்சோடு தாம் பாடவேண்டியிருக்கும் என்பதை அறிந்தே மெட்டமைத்தார். தமிழ்த் திரையில் இசையமைப்பாளர் மெட்டமைக்க, கவிஞர் சொல் வைக்க, பாடகர் பாட, நடிகர் வாயசைக்க, ஒரு பாடல் நால்வர் கைமாறி வரும். ரம்லியின் பாடல் அங்ஙனம் கைமாறி வந்ததன்று.

இதற்கு எடுத்துக்காட்டாக 1962-இல் அவர் இயக்கிய 'ஈபு மெர்துவாக்கு' படத்தைக் கூறலாம். தலைப்பின் பொருள் 'என் மாமியார்'. காசிம் செலாமாட் எனும் இசைக்கலைஞனைச் செல்வக் குடும்பத்துப் பெண் சபாரியா விரும்புகிறாள். தாயோ, அவன் தொழில் இசை என்று கேட்டதும் முகஞ்சுளிக்கிறாள். 'கூத்தாடி' எனும் சொல்லைத் தமிழர் எவ்வளவு இழிவாக வழங்கினர் என்பதை அறிந்தவர்க்கு அக்காட்சி புதிதன்று. சொத்துரிமை மறுக்கப்பட்ட இணையர் பினாங்கில் வறுமையில் வாழ்கின்றனர். கருவுற்ற மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறான் காசிம். மகப்பேற்றில் அவள் இறந்தாள் எனப் பொய்த்தந்தி வருகிறது. அவன் அழுதழுது கண்ணிழக்கிறான். சாக்ஸபோன் வாசிப்பவனாக வேறொரு பெயரில் புகழ் பெறுகிறான். பின்னர் ஒரு கண்மருத்துவர் அவனுக்குப் பார்வையை மீட்டுத் தருகிறார். அம்மருத்துவரின் மனைவி யாரென்று கண்டறிந்த காசிம், மீண்ட கண்களைத் தானே குத்திக்கொள்கிறான்.

கதைச்சுருக்கம் மிகையுணர்ச்சி நாடகம்போல் தோன்றும்; ஒருவகையில் அதுவே உண்மையும் ஆகும். தற்செயல்கள் மிகுதி. சபாரியாவின் பாத்திரம் தாயின் கட்டளைக்கும் கணவன் துயருக்கும் இடையே வெறும் நிழலாகத் தேய்ந்துபோகிறது. மாமியார் பாத்திரம் ஒன்றே பெண்பாத்திரங்களுள் முழுமை பெற்றது. இக்குறைகளை மறைத்துப் போற்றுவது திறனாய்வன்று. ஆயினும் பாடல்கள் நிற்குமிடங்களைக் கவனித்தால் படத்தின் கட்டமைப்பு வேறுவகையாகத் தெரியும். காசிம் பாடாதபோது வாய்பேச வலியற்றவன். மாமியார்முன் அவனால் ஒரு வாதம் எடுத்துரைக்க இயலவில்லை. அவனுடைய தன்மானம், காதல், இழப்பு யாவும் பாட்டின் வாயிலாகவே வெளிப்படுகின்றன. இசையை இழிதொழில் என்ற பெண்மணிக்குக் கதைத்தலைவன் தரும் மறுமொழி இசையேயாகிறது. பாடுபவன் வேறு, நடிப்பவன் வேறாக இருந்திருப்பின் அம்மறுமொழி பாதி வலிமையை இழந்திருக்கும். 'ஜெரித்தான் பாத்தின்கு' எனும் அப்படப்பாடல் இன்றும் பாடப்படுவதற்கு மெட்டின் இனிமை மட்டும் காரணமன்று. அது ஒரு பாத்திரத்தின் தற்காப்புரை.

இக்கருத்து அவரிடம் திடீரென முளைத்ததன்று. 1955-இல் அவர் முதன்முதலாக இயக்கிய 'பெனாரிக் பேச்சா'வில் முச்சக்கர வண்டியிழுக்கும் ஏழை ஒருவன் செல்வர் மகளை விரும்புகிறான். 1960-இல் வந்த 'அந்தாரா டுவா டர்ஜாட்' படத்தில் இசைக்கலைஞன் ஒருவனுக்கும் அரச குலப்பெண்ணுக்கும் இடையே குலப்பெருமை குறுக்கிடுகிறது. மூன்றிலும் எளியவனுக்குப் பணமில்லை, குலமில்லை, பாட்டு உண்டு. கடலோடியின் மகன் தன் வாழ்க்கையையே மும்முறை வெவ்வேறு வேடத்தில் எழுதினார் எனக் கொள்வதில் தவறில்லை.

நகைச்சுவைப் படங்களில் இப்பாட்டு வேறொரு பணி செய்கிறது. 'பூஜாங் லாப்போக்' வரிசைப் படங்களில் மணமாகாத மூன்று ஏழை நண்பர்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். 1959-இல் வந்த 'பெண்டேகார் பூஜாங் லாப்போக்'கில் அம்மூவரும் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் காட்சி ஒன்றுண்டு. எழுத்துகளைச் சரியாகக் கூட்டிவிட்டுச் சொல்லை முற்றிலும் வேறாகப் படிக்கும் அந்நகைச்சுவையைத் தமிழாசிரியர் எவரும் தம் வகுப்பறையில் கேளாதிருக்க முடியாது. எழுத்தறிவின்மையைப் பழிக்காமலே அதனைப் பார்த்துச் சிரிக்கவைத்தார். விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகளான ஒரு நாட்டில் அது சிறுசெயலன்று. 1961-இன் 'செனிமான் பூஜாங் லாப்போக்'கிலோ அம்மூவரும் நடிகராக விரும்பி ஜாலான் அம்பாஸ் படநிலையத்துக்கே செல்கின்றனர். தமக்குச் சோறிட்ட நிலையத்தையே நகைச்சுவைப் பொருளாக்கும் துணிவு எளிதில் வருவதன்று.

1957-இல் டோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில், 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தையும் மகனுமாக இருவேடம் ஏற்றமைக்குச் சிறந்த நடிகர் விருது பெற்றார். 1963-இல் மீண்டும் அவ்விழாவில் 'ஈபு மெர்துவாக்கு'க்காகப் பன்முகத் திறமைக்குரிய சிறப்பு விருது. இவை யாவரும் அறிந்தவை; விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1964-இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலுகிள்ளானிலிருந்த மெர்டேக்கா படநிலையம் அவருடைய புதிய பணியிடம். அதனை உருவாக்கியவர்களுள் ஒருவர், 'பக்தி'யை இயக்கிய அதே எல். கிருஷ்ணன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தம்மைக் கதைத்தலைவனாக்கிய தமிழரின் முயற்சியால் எழுந்த நிலையத்துக்கே ரம்லி வந்து சேர்ந்தார். 'சித்தோரா ஹரிமாவ் ஜாடியான்' முதல் 1972-இன் 'லக்சமானா டோ ரே மி' வரை பதினெட்டுப் படங்களை இங்கு இயக்கினார். (கடற்படைத் தலைவனைக் குறிக்கும் 'லக்சமானா' எனும் மலாய்ச் சொல் இராமன் தம்பியின் பெயரிலிருந்து வந்தது.)

இக்காலத்தை அவருடைய வீழ்ச்சிக்காலம் என்று கூறிவிடுவது பெருவழக்கு. வீழ்ச்சி இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் காரணங்களைக் கலைஞரின் தலைமேல் மட்டும் ஏற்றுவது நேர்மையன்று. சிங்கப்பூரில் அவருக்கு வாய்த்த தேர்ந்த தொழிலாளர் குழு இங்கில்லை. பிறநாட்டுப் படங்கள் வண்ணத்தில் வந்துகொண்டிருக்க, இங்கோ கறுப்பு வெள்ளையே. 1963 முதல் 1966 வரை நீடித்த இந்தோனேசிய எதிர்ப்புநிலையால் அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. தொலைக்காட்சி 1963 இறுதியில் வந்து வீட்டுக்குள் அமர்ந்தது. பீட்டில்ஸ் குழுவின் புகழைத் தொடர்ந்து மின்கித்தார் இசைக்குழுக்கள் பெருகின. இளைஞர் 'பாப் யேயே' இசையின்பால் சென்றனர். 'தீகா அப்துல்' படத்தில் 'பூஞி கித்தார்' எனும் பாடலால் ட்விஸ்ட் தாளத்தை அவர் தாமே கையாண்டு பார்த்தவர். காலம் மாறுவதை அவர் அறியாதவரல்லர். பேச்சுக்கு அருகில் நிற்கும் தம் குரலை அப்பேரோசைக்குள் எங்கே வைப்பது என்பதே அவர்முன் நின்ற சிக்கல்.

தமிழ்த் திரையில் இவருக்கு நெருங்கிய ஒப்புமை ஜே. பி. சந்திரபாபு. தூத்துக்குடியில் 1927-இல் பிறந்து, இளமையைக் கொழும்பில் கழித்தவர்; தம் பாடலைத் தாமே பாடிய நடிகர்; மேனாட்டு இசையை நகைச்சுவையோடு இணைத்தவர். 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தாமே இயக்கி நடித்தார். 1974-இல் மறைந்தார். பிறப்பும் இறப்பும் ரம்லியுடையவற்றுக்கு ஓரிரண்டு ஆண்டுகள் முன்பின்னாக அமைந்திருக்கின்றன. சந்திரபாபுவுக்குத் தமிழ்த் திரை நகைச்சுவை நடிகர் எனும் ஓர் அறையை ஒதுக்கிக்கொடுத்து, கதைத்தலைவன் அறைக்கதவைப் பெரும்பாலும் சாத்தியே வைத்தது. ரம்லிக்கு எல்லா அறைகளின் திறவுகோலும் ஒருகாலத்தில் கையிலிருந்தது. இருவரையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், பாடும் நடிகனுக்கு ஒரு சமுதாயம் எவ்வளவு இடம் தருகிறது என்பதை மாணவர்க்குத் தெளிவாக உணர்த்தலாம்.

1971-இல் கோலாலம்பூரில் நடந்த தேசியப் பண்பாட்டுப் பேரவையில், திரைப்படத்தின் வாயிலாக மலேசிய இசையை உயர்த்தும் வழிகள் பற்றி ரம்லி கட்டுரை படித்தார். புதிய வண்ணப்படம் எடுக்க அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. 1973 மே 29-இல் செத்தாப்பாக்கில் வாழ்ந்துவந்த அவர், மாரடைப்பால் காலமானார், அகவை 44. ஜாலான் பாரி 1982-இல் ஜாலான் பி. ரம்லி ஆயிற்று. அவர் வாழ்ந்த வீடு 1986-இல் நினைவகமாயிற்று. 'தான் ஸ்ரீ' விருது 1990-இல் வந்தது. தொலைக்காட்சி அவர் படங்களை மீண்டும் மீண்டும் ஒளிபரப்ப, கிள்ளான், பந்திங், ஜெஞ்சாரோம் பகுதித் தோட்டத்து வீடுகளிலும் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துச் சிரித்தனர். ரம்லியைப் பார்த்து வளர்ந்த தமிழர் பலர். அவரைப் பற்றித் தமிழில் எழுதியோர் சிலரே. சென்னைப் படங்களுக்கு இந்நாட்டுத் தமிழ் இதழ்கள் ஒதுக்கிய பக்கங்களில் ஒரு சிறுபங்கேனும் அவருக்கு வாய்த்திருக்கலாம்.

அங்ஙனம் எழுத முற்படுவோர் முதலில் எடுத்துக்கொள்ளத்தக்க படம் 1968-இல் வந்த 'கெரிமிஸ்'. சிங்கப்பூர்ப் படங்களின் மெருகு இதில் இல்லை. காட்சிகள் சில இடங்களில் தளர்ந்து கிடக்கின்றன. ஆனால் பொருள் அரியது. மலாய் ஓவியனாகிய கமாலும் இந்தியப் பெண்ணாகிய லீலாவும் காதலித்து மணக்கின்றனர். எதிர்ப்பு இரு குடும்பத்திலும் எழுகிறது. ஓர் இனத்தாரை மட்டும் குற்றவாளியாக்கி மற்றவரை அறத்தின் வடிவாக்கும் எளிய வழியை இயக்குநர் மேற்கொள்ளவில்லை. லீலாவாக நடிப்பதற்கு மலாய் நடிகை ஒருவருக்குப் பொட்டும் சேலையும் அணிவிக்கவில்லை. சந்திரா சண்முகம் எனும் இந்திய நடிகையே அவ்வேடத்தில் தோன்றினார். மலாய்த் திரையில் இந்தியர் அதுவரை பெரும்பாலும் காவற்காரராகவும் வட்டிக்காரராகவும் சிரிப்புக்காக வந்துபோயினர். ரம்லியின் சொந்தப் படங்களும் அதற்கு விலக்கன்று. 'கெரிமிஸ்' படத்தில் ஓர் இந்தியப் பெண் கதையின் நடுவே நிற்கிறாள். அவளுக்குப் பெயரும் குடும்பமும் உண்டு. தன் விருப்பத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையும் உண்டு.

'கெரிமிஸ்' என்பதற்குச் சாரல் மழை என்று பொருள். அப்படம் வந்த மறு ஆண்டில், 1969 மே 13-இல், கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. அதன்பின் இத்தகைய கதையைத் தொடுவதற்கு மலாய்த் திரை நெடுங்காலம் தயங்கிற்று. 2009-இல் யாஸ்மின் அகமாட் 'டேலண்டைம்' படத்தை எடுத்தபோது, மெலூர் எனும் பெண்ணுக்கும் மகேஷ் எனும் இந்திய இளைஞனுக்கும் இடையே அன்பு மலரும் களமாக ஒரு பள்ளிப் பாட்டுப் போட்டியை அமைத்தார். மகேஷின் வீட்டார் அப்படத்தில் தமிழிலேயே பேசுகின்றனர்.